போமற் அடிக்காமல் எடுத்த ரோஜன்

எங்கட பக்கத்தில் கணினிக்கு என்ன வருத்தம் வந்தாலும் மருந்து ஒன்றுதான். போமற் அடிக்கிறது. மெதுவாக ஓடுகிறதா, போமற். படம் பார்க்கும்போது சத்தம் வரவில்லையா, போமற். வைரஸ் என்றால் கேட்கவே தேவையில்லை. நீங்கள் சொல்லி முடிக்க முதலே கடைக்காரர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றத் தொடங்கிவிடுவார். பின்னேரம் வாங்கோ என்பார். பின்னேரம் போனால் பச்சைப் புல்வெளியும் நீல வானமும் உள்ள திரையோடு புதுசு மாதிரி ஒரு கணினி இருக்கும். உங்களுடையது என்று அதில் ஒன்றும் இருக்காது.

2010 ஆவணியில் எங்கள் வீட்டுக் கணினிக்குள் இருந்த ரோஜன் ஒன்றைப் போமற் அடிக்காமல் கையால் எடுக்கவேண்டி வந்தது. எனக்கு அப்போது 19 வயது, ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் நின்ற காலம். அந்த வின்டோஸ் எக்ஸ்பியை இப்ப ஆரும் பாவிக்கிறதில்லை. அந்த ரோஜனும் காலம் முடிந்த சாமான்தான். ஆனால் இப்பவும் ஒரு வீட்டில் ஈமெயிலோ வட்ஸ்அப்போ களவு போனால் முதல் கேள்வி ‘ஆர் திறந்தது?’ என்றுதான் வருகிறது. அதனால் எழுதலாம் என்று நினைத்தேன்.

எங்கள் கணினி பெயருக்குத்தான் வீட்டுக் கணினி. தம்பி விளையாட, நான் படிக்க என்று சொல்லி வாங்கினது. ஒரு வருசத்துக்குள் அக்கா அதைத் தன்ர தொழிலுக்கு எடுத்துவிட்டா. அக்கா கல்வெட்டு அடிப்பா. (கல்வெட்டு என்றால் கோயில் சுவர் என்று நினைக்கிற தமிழ்நாட்டு நண்பர்களுக்காக: செத்தவீடு நடந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் குடுக்கிற நினைவுப் புத்தகம் இது.) அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவார திருவாசகம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். பேஜ்மேக்கரில் பக்கம் கட்டி, பாமினி எழுத்துருவில் அடிச்சு, அச்சகத்துக்கு நாலு நாள் முதலே குடுத்துவிட வேணும். கலியாண அழைப்பிதழ் என்றால் ஒரு நாள் பிந்தினாலும் சமாளிக்கலாம். 31 என்ற நாளை ஆரும் தள்ளிவைக்கேலாது.

அந்த ஆவணியில் அக்காவின் கையில் இருந்தது பக்கத்து ஊர் அம்மம்மா ஒருவரின் கல்வெட்டு. ஒன்பது பிள்ளைகள். மூன்று பேர் இங்கே, மற்றவர்கள் ரொறன்ரோ, பரிஸ், லண்டன், சிட்னி. வம்சாவளி மட்டும் ஏழு பக்கம். படங்களும் பெயர்ப் பட்டியல்களும் கவிதைகளும் ஒவ்வொரு நாளும் ஈமெயிலில் வந்துகொண்டிருந்தன. அனுப்புகிறவர்கள் ஆர் என்று அக்காவுக்குத் தெரியாது. மருமகன்ர தம்பி, பேத்தியின்ர மனுசன், மூத்த மகன்ர சிநேகிதர் என்று வேறை வேறை விலாசத்தில் இருந்து வரும். ‘தெரியாதவர்கள் அனுப்பும் இணைப்பைத் திறக்காதீர்கள்’ என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். தெரியாதவர்கள் அனுப்பும் இணைப்பைத் திறக்கிறதுதான் அக்காவின் தொழில். அந்த அறிவுரையை எழுதினவர்கள் இப்படியான ஆளை நினைத்து எழுதவில்லை.

ஒரு நாள் காலமை ஜீமெயிலுக்கு மேலே சிவப்பில் ஒரு பட்டை நின்றது. உங்கள் கணக்கு கடைசியாக இன்ன நாட்டிலிருந்து திறக்கப்பட்டதாக நம்புகிறோம் என்ற மாதிரி வசனம். அந்த வருசம்தான் ஜீமெயில் அந்த எச்சரிக்கையைக் காட்டத் தொடங்கியிருந்தது. வேறை நாட்டுக்காரர் என்றால் உடனே பயந்திருப்பினம். நாங்கள் முதலில் எண்ணிப் பார்த்தோம், அந்த நாட்டில் எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம் என்று. சித்தப்பா நோர்வே. மாமி ஜேர்மனி. பெரியப்பாவின் பிள்ளைகள் சுவிஸ். “முன்வீட்டுப் பெடியன் கப்பலில வேலை செய்யிறான். அவன் அங்கால இறங்கினானோ தெரியாது” என்று அம்மா சொன்னா. அவன் ஏன் அக்காவின்ர மெயிலைத் திறக்கப்போறான் என்று தம்பி கேட்ட பிறகுதான் எல்லாருக்கும் முகம் மாறினது.

அன்ரிவைரஸ் ஒன்று இருந்தது, இலவசமானது. டொங்கிளில் டேற்றாவுக்குக் காசு போகும் என்று மாதக்கணக்காக அப்டேற் செய்யவில்லை. அன்றைக்குக் காசைப் பார்க்காமல் அப்டேற் செய்தோம். ரோஜன் என்று ஒன்றைப் பிடித்தது. அழிக்கவா என்று கேட்டது, ஓம் என்றோம், அழித்துவிட்டேன் என்றது. கணினியை நிற்பாட்டித் திருப்பிப் போட்டால் அதே பெட்டி, அதே கேள்வி. நாலு தரம் அழித்தோம்.

அப்பா வேலையால் வந்து கேட்ட முதல் கேள்வி, “ஆர் கண்டது கிண்டதைத் திறந்தது?”

தம்பி தன்ர கேமில்லை என்றான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் பெயரைப் பற்றி ஒன்று சொல்லவேணும். வைரஸ் என்றால் மற்றக் கோப்புகளுக்குள் தன்னைத் தானே பிரதி எடுத்துக்கொண்டு பரவுவது. ரோஜன் அப்படிப் பரவாது. வேறொன்று மாதிரி வேசம் போட்டு, நீங்களே கதவைத் திறந்து உள்ளே விடும்வரை காத்திருக்கும். ரோய் நகரத்து மரக்குதிரைக் கதையில் இருந்து வந்த பெயர். ஆனால் அந்தக் கதையில் குதிரையைச் செய்து ஆக்களை ஒளித்து வைத்தவர்கள் கிரேக்கர்கள். ரோஜன்கள் ஏமாந்த ஆக்கள், ஊர் எரிந்த ஆக்கள். ஏமாத்தினவர்களின் பெயர் தப்பிவிட்டது, ஏமாந்தவர்களின் பெயரைத்தான் களவுக்கு வைத்திருக்கிறார்கள். எங்கட வீட்டிலும் அன்றிரவு அதுதான் நடந்துகொண்டிருந்தது.

அடுத்த நாள் கடைக்குப் போனேன். வழக்கமாகப் போகிற கடை, கணினி விற்றதும் அவர்தான். “போமற் அடிப்பம் தங்கச்சி, ஆயிரத்தைந்நூறு” என்றார். பேஜ்மேக்கர் இருக்கு, எழுத்துருக்கள் இருக்கு, வேலை அரைவாசியில் நிற்குது என்றேன். “சீடி வச்சிருப்பியள்தானே, திருப்பிப் போடலாம்” என்றார். சீடி இருந்தது, ஆனால் அதை ஆரோ கொப்பியின் அடியில் வைத்து எழுதி, கீறல் விழுந்து, பாதியில் நின்றுவிடும். போமற் அடிக்காமல் வைரஸை மட்டும் எடுக்கேலாதோ என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “வீட்டில அண்ணன்மார் ஆரும் இல்லையோ?” என்றார். அதுக்கு நான் மறுமொழி சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவில்லை என்பது நல்லதாய்ப் போச்சுது, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அண்ணன்மார் இல்லாமல் இல்லை. பெரியம்மாவின் மகன் மொறட்டுவைக் கம்பஸில் படித்துக்கொண்டிருந்தார். இரவு 10 மணிக்குப் பிறகு போனில் பிடிக்கலாம். “முதல் டொங்கிளைக் கழட்டு” என்றார். களவெடுத்ததை வெளியே அனுப்ப அதுக்கு இன்ரநெற் வேணும். வாசலைப் பூட்டிவிட்டுப் பிறகு கள்ளனைத் தேடு என்றார். “அதில இருந்து பாஸ்வேட்டும் மாத்தாதை. மாத்தினால் புதுசையும் அது எடுத்துக்கொண்டு போகும்.” பதட்டத்தில் எல்லாரும் முதல் செய்யப்போவது அதைத்தான். அக்கா மாற்றுவதற்கு இருந்தா.

பிறகு ஹைஜாக்திஸ் என்று ஒரு சின்ன மென்பொருளின் பெயர் சொன்னார். அடுத்த நாள் நெற் கபேயில் அதைப் பென்ரைவில் எடுத்துக்கொண்டு வந்தேன். பென்ரைவைச் செருகும்போது ஷிஃப்ற் கீயை அமத்திப் பிடிக்கச் சொன்னார், பென்ரைவில் இருப்பது தானாக ஓடத் தொடங்காமல் இருக்க. நெற் கபேப் பென்ரைவில் என்ன கிடக்குமோ ஆருக்குத் தெரியும். இந்த மென்பொருள் வைரஸ் ஒன்றையும் தேடாது. இது நல்லது, இது கெட்டது என்றும் சொல்லாது. வின்டோஸ் எழும்பும்போது என்னென்ன கூடவே எழும்புகின்றன என்று ஒரு பட்டியல் போட்டுத் தரும். வாசிக்கிறது உங்கட பாடு.

நூறு வரி அளவில் வந்தது. அண்ணாவுக்குப் போனில் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். பிரின்ரர் மென்பொருள், சத்தத்துக்கு உரியது, டொங்கிளுடையது. அவர் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். ‘எஃப் 2’ என்று தொடங்கும் வரிக்கு வந்தபோது திரும்ப வாசிக்கச் சொன்னார். அதில் ‘யூசர்இனிற்’ என்று ஒரு சொல். அதுக்குப் பக்கத்தில் சிஸ்ரம்32 அடைவுக்குள் இருக்கும் யூசர்இனிற் கோப்பின் பெயர், ஒரு கமா, அதற்குப் பிறகு ‘எஸ்டிஆர்ஏ64’ என்று இன்னொரு கோப்பு.

“அதுதான்” என்றார். “அது சியூஸ்.”

விசயம் இதுதான். எக்ஸ்பியில் நீங்கள் பெயரைக் குடுத்து உள்ளே போனவுடன் ‘வின்லொகன்’ என்ற பகுதி றெஜிஸ்ரியில் ஒரு வரியைப் பார்த்து, அதில் எழுதியிருக்கும் கோப்புகளை ஓடவிடும். வழமையாக அதில் ஒரு பெயர்தான். ஆனால் கமாப் போட்டு இன்னொன்றையும் எழுதலாம், அதையும் ஓடவிடும். ஆர் எழுதினது என்று கேட்காது. சியூஸ் செய்தது அவ்வளவுதான், ஒரு கமாவுக்குப் பின்னால் தன்ர பெயரை எழுதிவிட்டது. கோப்புப் பெயரும் சிஸ்ரம்32க்குள் கிடக்கும் ஆயிரம் பெயர்களில் ஒன்று மாதிரித்தான், ஒருத்தருக்கும் சந்தேகம் வராது.

எனக்கு அன்றைக்கு வந்த துணிவில் உடனே றெஜிஸ்ரியைத் திறந்து அந்த இரண்டாவது பெயரை அழித்தேன். எஃப் 5ஐ அமத்தினால் பெயர் திரும்ப அங்கே நிற்கிறது. திரும்ப அழித்தேன், திரும்ப நின்றது. அண்ணா இதை எதிர்பார்த்தவர் மாதிரிச் சிரித்தார். அது ஏற்கெனவே வின்லொகனுக்குள்ளேயே போய் இருந்துகொண்டு அந்த வரியைப் பார்த்தபடி இருக்கிறது, நீ அழிக்க அழிக்க எழுதும் என்றார். அதனால்தான் ராஸ்க் மனேஜரில் பார்த்தாலும் சந்தேகமான பெயர் ஒன்றும் தெரியாது. வின்லொகன் என்று நல்ல பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, கோப்பை அழிப்போம் என்று சிஸ்ரம்32க்குள் தேடினேன். அப்படி ஒரு கோப்பே இல்லை. மறைத்து வைத்த கோப்புகளையும் காட்டு என்று மாற்றிப் பார்த்தும் இல்லை. எக்ஸ்ப்ளோரர் ‘இந்த அடைவுக்குள் என்னென்ன இருக்கு?’ என்று கேட்கும்போது, பதில் வருகிற வழியில் இது நின்று தன்ர பெயரை மட்டும் உருவிவிடுமாம். சங்கக் கடையில் இருப்பு எழுதுகிறவரே களவு எடுக்கிறவர் என்றால் கொப்பியைப் பார்த்து ஒன்றும் பிடிக்கேலாது. சேஃப் மோட்டிலும் போய்ப் பார்த்தேன். சேஃப் மோட்டிலும் வின்டோஸ் அதே வரியைத்தான் வாசிக்கும், அதனால் அங்கேயும் அதே கதை.

அந்த வின்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்வரை அதனிடம் உண்மையைக் கேட்கேலாது. வெளியே இருந்து பார்க்கவேணும்.

அதுக்கு ஒரு சாமான் எங்கட வீட்டிலேயே கிடந்தது. உபுண்டு என்ற இயங்குதளத்தை அந்தக் காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் சீடியில் போட்டு இலவசமாகத் தபாலில் அனுப்புவார்கள், ஷிப்இற் என்று பெயர். 2011இல் நிற்பாட்டிவிட்டார்கள். அண்ணாவுக்கு வந்த சீடிகளில் ஒன்றைப் புதுவருசத்துக்கு வந்தபோது என்னிடம் தந்துவிட்டுப் போயிருந்தார். கண்ணாடி மேசையில் தேத்தண்ணிக் கோப்பை வைக்கிற தட்டாக இருந்தது. கழுவித் துடைத்தேன்.

வின்டோஸை ஒழுங்காக நிற்பாட்டி, சீடியில் இருந்து கணினியை எழுப்பினேன். 512 எம்பி நினைவகம் உள்ள மெஷின், பத்து நிமிசம் முனகிவிட்டுத் திரை வந்தது. இப்படி எழும்பும்போது ஹாட்டிஸ்கில் இருக்கும் வின்டோஸ் நித்திரை. அதற்குள் இருக்கும் சியூஸும் நித்திரை. ஹாட்டிஸ்க் வெறும் பெட்டி, உள்ளே இருப்பது எல்லாம் தெரியும்.

முதல் வேலையாகக் கல்வெட்டுக் கோப்புகளையும் படங்களையும் பென்ரைவில் எடுத்து வைத்தோம். அக்கா பக்கத்தில் கதிரை போட்டு இருந்தா. பிறகு சிஸ்ரம்32. எஸ் எழுத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டு போக, அது நின்றது. ஒளிப்பில்லை, மறைப்பில்லை. பக்கத்திலேயே ‘லோசெக்’ என்று ஒரு அடைவு. அதற்குள் இரண்டு கோப்புகள்: ‘லோக்கல்.டிஎஸ்’, ‘யூசர்.டிஎஸ்’. முதலாவது அதுக்கு வந்த கட்டளைகள். இரண்டாவது எங்களிடம் எடுத்தது.

அக்கா யூசர்.டிஎஸ்ஸைத் திறக்கச் சொன்னா. திறந்தேன். திரை நிறையக் கிறுக்கல். குறியாக்கம் செய்து வைத்திருக்கிறது. எங்கட வீட்டில், எங்கட கணினியில், நாங்கள் எழுதினதை எங்களாலேயே வாசிக்கேலாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அக்கா கனநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தா. அந்த மூன்று நாளில் எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான்.

என்ன எடுத்திருக்கும் என்று பிறகு அண்ணா விளங்கப்படுத்தினார். இன்ரநெற் எக்ஸ்புளோரரில் ஒரு படிவத்தை நிரப்பி நீங்கள் ‘அனுப்பு’ என்று அமத்துகிறீர்களே, அந்த இடத்தில் அது நிற்கிறது. பூட்டுப் படம் போட்ட பாதுகாப்பான பக்கம் என்றாலும் பிரயோசனமில்லை. அந்தப் பூட்டு, வழியில் ஆரும் வாசிக்காமல் இருக்கத்தான். இது கடிதத்தை உறைக்குள் போட்டு ஒட்ட முதலே தோளுக்கு மேலால் வாசித்துவிடுகிறது. உண்மையில் அவர்களுக்கு வேண்டியது வங்கிக் கணக்குகள். எங்கட வீட்டில் இன்ரநெற்றில் வங்கி பார்க்கிற ஆள் ஒருத்தரும் அப்போது இல்லை. வலை எறிகிறவன் மீனைப் பார்த்து எறியிறதில்லை, ஈமெயில் கடவுச்சொல்லும் அதோடு சேர்ந்து போய்விட்டது.

சியூஸ் 2007இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு ஆள் ஒரு இடத்தில் இருந்து செய்கிற களவு இல்லை இது. செய்தவர்கள் அதை ஒரு கருவிப்பெட்டி மாதிரி விற்றார்கள். வாங்கினவர் தனக்கு ஏற்றமாதிரி மாற்றி அனுப்பலாம். எங்களுக்கு நடந்து இரண்டு மாதம் கழித்து, 2010 ஒக்ரோபரில், சியூஸைப் பாவித்து 70 மில்லியன் டொலர் எடுத்த கூட்டம் ஒன்றைப் பிடித்ததாக அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவித்தது. 2011இல் அதன் மூலநிரலே வெளியில் கசிந்தது, பிறகு அதில் இருந்து வேறை பல வந்தன. இவ்வளவு பெரிய வலையின் ஒரு முனை எங்கட முன் அறையில், தம்பியின் கிரிக்கெற் பட்டுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

அது எப்படி உள்ளே வந்தது என்பதும் அன்றைக்கே தெரிந்தது. அக்கா வந்த படங்களைச் சேர்த்து வைக்கும் அடைவுக்குள் போனபோது, ஒரு படத்தின் பெயர் மற்றவற்றை விட நீளமாக இருந்தது. ஜேபிஜி என்று முடிந்து, அதற்குப் பிறகும் ஒரு புள்ளி, எக்ஸ்ஈ. வின்டோஸில் பார்த்தபோது அந்தக் கடைசித் துண்டு தெரியவில்லை. தெரிந்த வகைக் கோப்புகளின் பின்னொட்டை வின்டோஸ் தானாகவே மறைத்துவிடும், பார்க்கிறவருக்கு வடிவாக இருக்கட்டும் என்று. அதற்குப் படத்தின் ஐகனையும் போட்டுவிட்டால் ஆருக்குத்தான் தெரியும்?

அக்காவுக்கு அந்தப் படம் ஞாபகம் இருந்தது. சிப் கோப்பாக வந்தது, விரித்துத் திறந்தபோது ஒன்றும் வரவில்லை. ‘படம் திறபடவில்லை, தயவுசெய்து திரும்ப அனுப்பவும்’ என்று மரியாதையாக மறுமொழியும் போட்டிருக்கிறா. ஒரு நல்ல தொழில்காரி செய்யவேண்டியதை எல்லாம் செய்திருக்கிறா. அதை நான் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அப்பா கணினிக்கு முன்னால் வந்து நின்று அந்தப் பெயரைப் பார்த்தார். மற்றக் கோப்புகளையும் பார்த்தார். “இது படம் மாதிரித்தானே கிடக்கு” என்றார். ஆர் திறந்தது என்ற கேள்வி அதோடு நின்றது.

கள்ளக் கோப்பின் பெயரை மாற்றி, லோசெக் அடைவோடு டி ட்ரைவின் ஒரு மூலையில் போட்டேன். அழிக்கவில்லை. அழிச்சுப்போட்டு வின்டோஸ் எழும்பாவிட்டால் திருப்பி வைக்க ஒன்றும் இருக்காது என்று அண்ணா சொல்லியிருந்தார். அந்தப் படம் இல்லாத படத்தையும் அங்கேயே போட்டேன். பிறகு டொங்கிளைச் செருகி உபுண்டுவில் இருந்தே ஜீமெயிலுக்குள் போனோம். டொங்கிளை அதுக்கு விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் மினக்கெட்டது. கடவுச்சொல்லை மாற்றினோம், இரகசியக் கேள்வியை மாற்றினோம். வருகிற மெயிலை வேறை விலாசத்துக்கு அனுப்பும்படி ஆரும் எழுதி வைத்திருக்கிறார்களா என்று செற்றிங்ஸில் பார்த்தோம், இல்லை. மற்ற எல்லாக் கணினிகளிலும் இருந்து வெளியேறு என்ற பொத்தான் கீழே ஒரு மூலையில் இருக்கும். அதை அமத்தும்போது அக்கா என்ர கையைத் தட்டிவிட்டுத் தானே அமத்தினா.

மிச்சம் றெஜிஸ்ரி. இப்போது வின்டோஸ் எழும்பும்போது இரண்டாவது கோப்பைத் தேடும், கிடைக்காது, விட்டுவிட்டுப் போகும். அப்படித்தான் நடந்தது. எழும்புகிறதுக்கு எடுத்த அந்த ஒரு நிமிசத்தில் அம்மா சாமியறைக்குப் போய்விட்டா. பிறகு அந்த வரியைத் திறந்தேன். “இரண்டாவது பெயரை மட்டும் எடு. முதலாவதில கை வச்சால் உள்ளுக்குப் போன உடன வெளியால தள்ளும், போய்ப் போய் வரும், பிறகு போமற்தான்” என்று அண்ணா போனில் சொல்லிக்கொண்டு நின்றார். “கமாவை விட்டிடு. அந்தக் கமா அங்க இருக்கவேணும்.” மைக்றோசொஃப்ற் தானே முதலாவது பெயருக்குப் பிறகு ஒரு கமாவைப் போட்டுத்தான் அந்த வரியை எழுதியிருக்கிறது. அதுக்குப் பின்னால் இடம் விட்டு வைத்த மாதிரி.

அழித்தேன். எஃப் 5. வரவில்லை. திரும்ப எஃப் 5. திருப்பிப் போட்டுப் பார்த்தேன், வரவில்லை. ஹைஜாக்திஸ்ஸில் அந்த எஃப் 2 வரியே காணாமல் போயிருந்தது. சிஸ்ரம் றிஸ்ரோர் பழைய நிலையைச் சேமித்து வைக்கும், அதற்குள் இதுவும் ஒரு பிரதி இருக்கும் என்பதால் அதையும் நிற்பாட்டித் துப்புரவாக்கினேன். கோப்புகளின் பின்னொட்டை மறைக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிட்டேன். அன்றிரவே அக்கா பரிஸில் இருந்து வந்த கவிதையை அடித்து முடித்தா. அச்சகத்துக்கு நாலு நாள் முதல் குடுக்கவேண்டியதை மூன்று நாள் முதல் குடுத்தோம். அச்சகக்காரர் புறுபுறுத்துப்போட்டு வாங்கினார்.

ஆனால் அது மெயிலுக்குள் என்ன பார்த்தது என்று தெரியாது. எங்கட பெயரில் ஆருக்கும் காசு கேட்டு மெயில் போகலாம், கவனம் என்று அக்கா ரொறன்ரோவுக்கும் பரிஸுக்கும் போன் எடுத்துச் சொன்னா. செத்தவீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுகிறது சங்கடமான வேலை. சொல்லாமல் விட்டிருந்தால் ஆருக்கும் தெரிந்திராது. அக்கா ஒருத்தர் ஒருத்தராகச் சொன்னா. அவர்களில் ஒருவர், தனக்கும் அப்படி ஒரு படம் வந்தது, திறபடவில்லை என்று சாதாரணமாகச் சொன்னார். அவரிடம் இந்தக் கதை முழுவதையும் போனில் திரும்பச் சொல்லவேண்டி வந்தது, கமா உட்பட.

இப்ப நேராகச் சொல்லவேண்டியது ஒன்று இருக்கு. பாதுகாப்புத் துறையில் இருக்கிற ஆரையும் கேட்டால், இப்படி ஒன்று புகுந்த கணினியைக் கையால் துப்புரவாக்கினால் மட்டும் நம்பாதே, தேவையானதை எடுத்து வைத்துவிட்டு முழுதாகத் திருப்பிப் போடு என்றுதான் சொல்வார்கள். சரியான கதை. நாங்கள் கண்டது ஒன்று, காணாதது இன்னொன்று இருக்கலாம். நாங்களும் மார்கழியில், கையில் கல்வெட்டு ஒன்றும் இல்லாத ஒரு கிழமை பார்த்து, எல்லாவற்றையும் டிவிடியில் எழுதி வைத்துவிட்டு, கீறல் இல்லாத பேஜ்மேக்கர் சீடி ஒன்றை இரவல் வாங்கி, போமற் அடித்தோம். ஆனால் கடைக்காரர் அடிக்கும் போமற்றும் அதுவும் ஒன்றில்லை. அவர் போடுவது கள்ளச் சீடி எக்ஸ்பி. ‘இது அசல் இல்லை’ என்று திரை கறுத்துப் போகும் என்ற பயத்தில், அப்டேற் வராமல் நிற்பாட்டித்தான் குடுப்பார். எங்கட ஊரில் அப்படி ஆயிரக்கணக்கில் இருந்திருக்கும், ஓட்டை அடைக்காத கணினிகள். பின்னேரம் புதுசாக வீட்டுக்கு வரும், அடுத்த கிழமை அதே படம் திரும்ப வரும், திரும்ப ஆயிரத்தைந்நூறு. என்ன வந்தது, எப்படி வந்தது என்று ஒருத்தரும் பார்ப்பதில்லை. பார்க்காததால் வீட்டில் இருக்கிற ஆரோ ஒரு பெட்டைப் பிள்ளையோ, கேம் விளையாடுகிற பெடியனோதான் பழி சுமக்கிறது.

அதுக்குப் பிறகு அக்கா மாறினது ஒரு விசயத்தில்தான். படம் அனுப்புகிறவர்களிடம் சிப் பண்ணாமல் அனுப்பச் சொல்லுவா. திறக்க முதல் பெயரைக் கடைசி எழுத்துவரை வாசிப்பா. வம்சாவளியில் பேரப்பிள்ளைகளின் பெயரை வாசிக்கிற அதே மாதிரி, விரலை வைத்து.

அந்த டிவிடி இன்னும் இருக்கு. யூசர்.டிஎஸ்ஸும் அதில்தான் கிடக்கிறது. மூலநிரல் கசிந்த பிறகு அதை உடைத்து வாசிக்க வழி இருக்கு என்று அண்ணா ஒருக்கால் சொன்னார். அக்காவிடம் கேட்டேன். “வேண்டாம், அதுக்குள்ள செத்த ஆக்களின்ர பெயர்தான் கிடக்கும்” என்றா.